சுவரோவியமும் சீரமைப்பும் பயிலப் புளோரன்ஸுக்கு வருபவர்களுக்கு

ஃபிரெஸ்கோ எனப்படும் ஈரச்சாந்து ஓவியத்தையும், பழைய சுவரோவியங்களைச் சீரமைக்கும் தொழிலையும் கற்பதற்காகப் புளோரன்ஸுக்கு வரும் நம்மவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஓவியக் கல்லூரியில் பட்டம் பெற்று, தூரிகை பிடிக்கத் தெரியும் என்ற தைரியத்தில் இங்கு வந்தவன் நான். முதல் எட்டு வாரங்கள் என் கையில் இருந்தது தூரிகை அல்ல, சாந்துக் கரண்டி. ஊரில் ஒரு கொத்தனாரிடம் பத்து நாள் சித்தாளாக நின்றிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

விசாவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது

இத்தாலியில் சீரமைப்பாளர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, அரசின் பாதுகாப்பில் உள்ள ஓவியத்திலோ சுவரிலோ பொறுப்பேற்று வேலை செய்ய, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட ஐந்தாண்டுப் படிப்பை, அதாவது 300 கிரெடிட்டை, முடித்துத் தகுதி பெற்றிருக்க வேண்டும். அத்தகைய படிப்பைத் தரும் இடங்களுள் மூத்தவை இரண்டு. ஒன்று, 1588இல் மெடிச்சி ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினாண்டோ கல்பதிப்பு வேலைக்காகத் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்து, இன்று புளோரன்ஸில் அரசு நிறுவனமாக இயங்கும் ஓபிஃபிச்சியோ தெல்லே பியெத்ரே தூரே. மற்றொன்று, 1939இல் ரோமில் நிறுவப்பட்டு, செசாரே பிராந்தியை முதல் இயக்குநராகக் கொண்டிருந்த மத்திய சீரமைப்பு நிறுவனம். இரண்டிலும் ஆண்டுக்கு மிகச் சிலரையே சேர்க்கிறார்கள். வரைதல், கைத்திறனும் நிறப் பார்வையும், வாய்மொழித் தேர்வு என்று எல்லாமே இத்தாலிய மொழியில் நடப்பதால், மொழி தெரியாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

நம்மவர்களில் பெரும்பாலோர் சேர்வது தனியார் பள்ளிகள் நடத்தும் சில வாரப் பயிற்சியிலோ ஓராண்டுப் படிப்பிலோதான். அது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கை பழகுவதற்கு ஓராண்டு நல்ல காலம். ஆனால் அந்தச் சான்றிதழைக் கொண்டு இத்தாலியில் சீரமைப்பாளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாக உணர்ந்துகொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறையில் இருப்போம் என்பதையும், பயிற்சிப் பலகை தவிர உண்மையான சுவரில் சாரத்தின் மீது நின்று வேலை செய்யும் வாய்ப்பு உண்டா என்பதையும் பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள். கற்பிப்பவர்கள் பண்பாட்டு அமைச்சகத்தின் சீரமைப்பாளர் பட்டியலில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். இவற்றுக்கு நேரான பதில் வராத பள்ளியை நான் விலக்கிவிடுவேன்.

வந்து இறங்கியதும் காகித வேலை

90 நாட்களுக்கு மேற்பட்ட படிப்பு என்றால், மாணவர் விசாவில் வந்து இறங்கிய 8 வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு, இவர்கள் சொல்லும் பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோவுக்கு, விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கான படிவ உறையைக் குறிப்பிட்ட தபால் நிலையங்களில் இலவசமாகத் தருவார்கள். 16 யூரோ முத்திரைத் தலையைப் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும் என்பது புதிதாக வருபவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதற்கு மேல் தபால் கட்டணமும், ஓராண்டு வரையிலான அனுமதி என்றால் 70.46 யூரோவும் செலுத்த வேண்டியிருக்கும். தபால் நிலையத்தில் தரும் ரசீதைப் பாஸ்போர்ட்டைப் போலவே பத்திரமாக வையுங்கள், ஏனெனில் அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உங்களுக்கு அடையாளம். வரி எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே இல்லாமல் சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு என எதுவும் நகராது. அரசு மருத்துவக் காப்பீட்டில் விரும்பிச் சேரும் மாணவர்களுக்கு 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ என்று ஆக்கிவிட்டதால், பலரும் விண்ணப்பத்துக்குத் தனியார் காப்பீட்டையே எடுக்கிறார்கள்.

வீட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வீட்டுக்காரர் வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். காவல்துறை அலுவலகத்தில் கைரேகைக்கு அழைத்த நாளன்று முகவரிக்கு ஆதாரம் கேட்டபோது என்னிடம் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரைத் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதன் நகலை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். நகர நடுவில் வாடகை மிக அதிகம். டிராம் ஓடும் ஸ்காந்திச்சி, ரிஃபிரேதி பக்கங்களில் தேடினால் ஓரளவு கட்டுப்படியாகும். சாந்து படிந்த உடையோடு திரும்புவீர்கள் என்பதால், துவைக்கும் இயந்திரம் உள்ள வீடாகப் பாருங்கள்.

சுவரோடு பழகுதல்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் ஈரமாக இருக்கும்வரை வெண்ணெய் போல் குழைந்திருக்கும் அது, மூடாமல் விட்டால் கல்லாகிவிடும். ஃபிரெஸ்கோவின் முழு ரகசியமும் இதுதான். நீற்றிய சுண்ணாம்பான கால்சியம் ஹைட்ராக்சைடு, உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. வெறும் நீரில் குழைத்து ஈரச் சாந்தின் மீது தீட்டிய நிறம் அந்தப் படலத்துக்குள் அகப்பட்டுக்கொள்வதால் பசையே தேவைப்படுவதில்லை. பட்டறையில் கிராஸெல்லோ என்று வாளியில் வைத்திருப்பது, பல மாதங்கள், சில இடங்களில் பல ஆண்டுகள், நீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பு விழுதுதான். அது தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வாளியைத் திறக்காதீர்கள், தெறித்துவிட்டால் நிறைய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

சாந்து அடுக்கடுக்காக ஏறும். அடியில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு பருமணல் சேர்த்த அர்ரிச்சோ. அதை மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும்படி விட வேண்டும். அது இறுகிய பின், முந்தைய நாளே சுவரை நன்றாக நனைத்து வைத்து, மறுநாள் காலையில் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நுண்மணல் கலந்த இன்தோனாக்கோவைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுவார்கள். அதுவும் அன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும்தான். அந்த அளவுக்குப் பெயர் ஜொர்னாத்தா, ஒரு நாள் வேலை. மாலையில் தீட்டாமல் எஞ்சிய சாந்தை ஓரம் சரித்து வெட்டி எடுத்துவிட வேண்டும். கத்ஸுவோலா என்று இவர்கள் சொல்வது நம் கொத்தனார்களின் கொலுறுதான், ஃப்ரத்தாத்ஸோ என்பது மணியாஸ் கட்டை. இவற்றின் இத்தாலியப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டால் முதல் வாரத்துத் திண்டாட்டம் பாதியாகக் குறையும்.

என் முதல் பலகையில், பூசிய பத்தாவது நிமிடமே நீலம் தீட்டத் தொடங்கினேன். தூரிகை மயிர் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டே போனதால் வானம் முழுவதும் பால் கலந்தாற்போல் ஆகிவிட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் என் கட்டைவிரலைப் பிடித்துச் சாந்தின் மீது அழுத்திக் காட்டினார். தடம் பதிந்தால் நேரம் வரவில்லை. தடம் பதியாமல் விரலில் ஈரம் மட்டும் ஒட்டினால் தொடங்கலாம். இரண்டாவது பலகையில் மணலைச் சரியாகக் கழுவாததால், அதிலிருந்த களிமண் மறுநாளே வறண்ட ஏரிப் படுகை போல் வெடித்துக் கிடந்தது. மணலைக் கழுவுவதும் சலிப்பதும் எடுபிடி வேலை என்று நினைத்திருந்த எனக்கு அன்றுதான் புத்தி வந்தது. ஈரத்தில் அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்ததும் வெகுவாக வெளுத்துவிடும் என்பதால், கலவையை முதலில் உலர்ந்த உறிஞ்சும் பரப்பில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நிறமிகளில் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை பெரும்பாலும் காவி மண், மஞ்சள் மண், பச்சை மண் போன்ற மண் நிறங்களே. அசுரைட் போன்ற நீலங்களை உலர்ந்த பிறகு பசையில் குழைத்துத்தான் தீட்டினார்கள், அதனாலேயே பல தேவாலயங்களில் அன்னை மரியாவின் நீல அங்கி உதிர்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. ஈயவெள்ளையை நம்பியதால் என்ன ஆகும் என்று அறிய அசிசி நகரத் தேவாலயத்துக்குப் போய், பழைய ஓவியர் சிமாபுவே தீட்டிய ஓவியங்களைப் பாருங்கள். வெள்ளை கறுத்துப்போய்ப் புகைப்பட நெகட்டிவ் போல நிற்கின்றன. நிறமி வாங்க, டுவோமோ எனப்படும் பேராலயத்துக்கு அருகிலேயே பழைய கடை உண்டு, ஆனால் பள்ளி தருவது தீரும்வரை காசைச் செலவழிக்காதீர்கள்.

சீரமைப்பு வகுப்பு இதற்கு நேர் எதிரான குணத்தைக் கேட்கும். ஃபிரெஸ்கோவில் வேகம் வேண்டும். இங்கே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முழு நாள் ஆகலாம். மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, தேய்க்காமல் உருட்டி எடுக்க வேண்டும். சில வகை அழுக்குக்கு எச்சிலே நல்ல துப்புரவுப் பொருள் என்பதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அதிலுள்ள நொதிகள்தான் காரணம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரையுடைத்து நகரை மூழ்கடித்தபின், சுவர்களுக்குள் புகுந்த உப்புகள் ஓவியத்தைப் பொடியாக்கத் தொடங்கின. அப்போது இங்குள்ள வேதியியலாளர்கள் உருவாக்கிய முறையில், முதலில் அம்மோனியம் கார்பனேட்டையும் அடுத்துப் பேரியம் ஹைட்ராக்சைடையும் காகிதக்கூழில் பற்றுப் போட்டு, சுண்ணாம்பு ஜிப்சமாக மாறிய பரப்பை உறுதியாக்குகிறார்கள். அழிந்த இடத்தை நிரப்பும்போது, அருகில் வந்தால் கோடுகளாகவும் எட்டிநின்றால் ஒரே நிறமாகவும் தெரியும்படி மெல்லிய கோடுகளால் இழைப்பது இவர்கள் மரபு. பழைய ஓவியன் தீட்டியதையும் நாம் சேர்த்ததையும் பார்ப்பவர் பிரித்தறிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். அழகாக மறைத்துவிடுவதே திறமை என்று ஊரில் பழகியவர்களுக்கு இதை ஏற்கக் கொஞ்ச நாள் ஆகும், எனக்கும் ஆயிற்று.

பார்க்க வேண்டிய சுவர்கள்

சாந்தா அப்பொல்லோனியா என்ற பழைய கன்னியர் மடத்துக்கு முதலில் போங்கள். 1447இல் அந்திரேயா தெல் கஸ்தாக்னோ தீட்டிய கடைசி இராவுணவு அங்கே சுவரிலேயே இருக்கிறது. அதற்கு மேலிருந்த ஓவியங்களைப் பெயர்த்தபோது அடியில் கிடைத்த செங்காவி முன்வரைவுகளான சினோப்பியாக்களும் அங்குண்டு. கட்டணம் கிடையாது, கூட்டமும் இருப்பதில்லை. கார்மினே தேவாலயத்தின் பிரங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ தீட்டிய ஆதாம் ஏவாளுக்குப் பிற்காலத்தில் இலை வரைந்து மூடியிருந்தார்கள். 1980களின் சீரமைப்பில் அதை நீக்கினார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஜொர்னாத்தாக்களின் விளிம்பைத் தேடிப் பழக சான் மார்க்கோ மடத்தில் ஃபிரா ஆஞ்செலிக்கோ தீட்டிய அறைகளைப் போல வேறிடம் இல்லை. அரசு அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். பல்கலைக்கழகத்திலோ நுண்கலை அகாதமியிலோ இத்துறை பயில்பவர்கள் பதிவுச் சான்றைக் காட்டினால் மற்ற நாட்களிலும் இலவசமாகப் போகலாம்.

மொழியை அசட்டை செய்யாதீர்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், சாரத்தின் மேலிருந்து கீழே நிற்பவரிடம் யாரும் ஆங்கிலத்தில் கத்துவதில்லை. பெரியவர்களுக்கான அரசுக் கல்வி மையங்களில் மிகக் குறைந்த செலவில் இத்தாலியம் கற்றுத் தருகிறார்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சான் லொரென்சோ சந்தைப் பக்கத்துத் தெற்காசியக் கடைகளில் பருப்பும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். தமிழ்க் குரல் கேட்க வேண்டும் போலிருந்தால், ஈழத்தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் பலெர்மோவுக்கு ஒரு விடுமுறையில் போய்வரலாம்.

ஊர் திரும்பி இந்தத் தொழிலைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1930களிலேயே சென்னை அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன் வேதியியல் முறையில் ஆராய்ந்து, அவை ஈரச் சுண்ணாம்பின் மீது தீட்டப்பட்டவை என்று எழுதினார். 1967இல் பாழ்படுத்தப்பட்ட சிகிரியா ஓவியங்களைச் சரிசெய்ய உதவியவர் இத்தாலியச் சீரமைப்பாளர் லூசியானோ மரன்சி. ஆனால் ஊரில் வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழைவிட உங்கள் பதிவேட்டையே புரட்டுவார்கள். ஆகவே முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு பலகைக்கும் தேதி, சாந்தின் விகிதம், மணலின் வகை, அன்றைய வெயிலும் ஈரப்பதமும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஜொர்னாத்தா வரைபடம் எல்லாவற்றையும் எழுதி வைத்து, மாத முடிவில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெடித்துப்போன பலகையின் பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள், நேர்முகத்தில் என்னிடம் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.