ஆஸ்திரேலியாவில் கிரெடிட் கார்டு: அந்த 55 நாள் கணக்கு

கார்டு வாங்குவது பெரிய வேலை இல்லை. பாஸ்போர்ட், விசா, கடைசிச் சம்பளச் சீட்டுகள், முகவரி இருந்தால் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். தற்காலிக விசாவுக்குத் தராத வங்கிகளும் உண்டு. ஒன்று மறுத்தால் வரிசையாக எல்லா இடத்திலும் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். ஊரில் கட்டிக்காத்த சிபில் ஸ்கோர் இங்கே செல்லாது, புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். லிமிட்டைச் சின்னதாகக் கேளுங்கள். அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருவோம்.

விளம்பரத்தில் ‘55 நாள் வரை வட்டி இல்லை’ என்று இருக்கும். சில கார்டுகளில் 44 நாள். இதில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் 55 நாள் கிடைக்காது. ஸ்டேட்மெண்ட் காலம் சுமார் 30 நாள், அது முடிந்தபின் பணம் கட்ட 25 நாள், இரண்டையும் கூட்டிச் சொல்வதுதான் 55. உங்கள் ஸ்டேட்மெண்ட் மார்ச் 5 முதல் ஏப்ரல் 3 வரை, கட்டவேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 5 அன்று வாங்கிய ஃபிரிட்ஜுக்கு முழு 55 நாள் கிடைக்கும். ஏப்ரல் 3 அன்று வாங்கிய வாஷிங் மெஷினுக்கு 26 நாள்தான். வீட்டுக்குச் சாமான் வாங்கும் முதல் மாதத்தில், ஸ்டேட்மெண்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஆப்பில் பார்த்துவிட்டு, பெரிய பொருளை அதற்கு மறுநாள் வாங்குங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்தச் சலுகைக்கு ஒரே நிபந்தனை: ஸ்டேட்மெண்டில் ‘குளோசிங் பேலன்ஸ்’ என்று போட்டிருக்கும் தொகை முழுதும், ஒரு டாலர் குறையாமல், கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படும் ‘கரண்ட் பேலன்ஸ்’ வேறு. அதில் இந்த மாதச் செலவும் சேர்ந்திருக்கும். அதை இப்போதே கட்ட வேண்டியதில்லை.

நண்பர் ஒருவருக்குக் கை சுட்டது இந்த இடத்தில்தான். குளோசிங் பேலன்ஸ் 3,480 டாலர். ஸ்டேட்மெண்ட் வந்தபின், பிடிக்காத ஒரு மேசையைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். 120 டாலர் ரிஃபண்ட் கார்டிலேயே வந்து விழுந்தது. நியாயமாகக் கழித்து 3,360 கட்டினார். ஆனால் சில கார்டுகளில் கடையிலிருந்து வரும் ரிஃபண்ட், நீங்கள் கட்டிய பணமாகக் கணக்கில் சேராது. அவருடைய வங்கி அப்படிப்பட்டது. முழுத்தொகை வரவில்லை என்று வட்டியில்லா நாட்களை எடுத்துவிட்டது. அதன்பின் வாங்கியதற்கெல்லாம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. 20.99 சதவீத வட்டியில் 3,000 டாலர் 30 நாள் நின்றால் சுமார் 52 டாலர். நேர்மையாகக் கழித்த ஒருவருக்கு இந்தத் தண்டனை என்பது இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆகவே ரிஃபண்ட் வந்தாலும் வராவிட்டாலும், ஸ்டேட்மெண்டில் அச்சான தொகையை அப்படியே கட்டுங்கள். மிகுதி எங்கும் போகாது, கார்டில் வரவாக நின்று அடுத்த மாதம் கழியும்.

வட்டியில்லா நாட்கள் ஒருமுறை நழுவிவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற, அடுத்த குளோசிங் பேலன்ஸை முழுதாகக் கட்ட வேண்டும். இரண்டு ஸ்டேட்மெண்ட் தொடர்ந்து கேட்கும் கார்டும் உண்டு. நீங்கள் முழுதும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மெண்டில் கொஞ்சம் வட்டி வரும். வட்டி தினமும் ஏறுவதால், ஸ்டேட்மெண்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்டது அது. தப்புக் கணக்கு என்று நினைத்துக் கட்டாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு நல்ல விஷயம்: 2019 ஜனவரி 1 முதல், வட்டியில்லா காலத்தில் இருந்த தொகைக்குப் பின்தேதியிட்டு வட்டி போட இங்கே சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆட்டோபே போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், எந்தத் தொகைக்குப் போட்டிருக்கிறோம் என்று இன்றே பாருங்கள். ‘மினிமம்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மாதாமாதம் ஏதோ கட்டியதுபோல் இருக்கும், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ‘குளோசிங் பேலன்ஸ்’ என்று மாற்றுங்கள். மாற்றம் அடுத்த ஸ்டேட்மெண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வரலாம். இந்த மாதத்தைக் கையால் கட்டுங்கள். ஊரில் யூபிஐ நள்ளிரவிலும் அந்த நொடியே போய்ச்சேரும் பழக்கத்தில், இங்கே பில் கட்டும் வசதியான பிபேயில் கடைசி நாள் இரவு கட்டாதீர்கள். மாலை நேர வரம்பைத் தாண்டினால் அது அடுத்த வேலைநாள் கணக்கு. ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை வரலாம், 25-ஆம் தேதி ஆன்சாக் நாள் நிச்சயம். மூன்று வேலைநாள் முன்னதாகவே கட்டிவிடுங்கள்.

வட்டியில்லா நாள் என்பது பொருள் வாங்குவதற்கு மட்டும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அது ‘கேஷ் அட்வான்ஸ்’: எடுத்த நொடியிலிருந்து வட்டி, தனியாகக் கட்டணமும். 3 சதவீதக் கட்டணம் என்றால் 500 டாலருக்கு 15 டாலர் உடனே போகும். அம்மாவுக்குப் பணம் அனுப்பும் ஆப்பில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்தாலும் பல வங்கிகள் அதைக் கேஷ் அட்வான்ஸாகவே எடுத்துக்கொள்ளும். ஊருக்கு அனுப்ப டெபிட் கார்டு அல்லது வங்கிக் கணக்குதான். பழைய கடனை 0 சதவீதத்துக்கு மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரிலும் கவனம் வேண்டும். அந்தக் கடன் தீரும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாள் தராத கார்டுகள் நிறைய. அப்படி மாற்றினால் அந்தக் கார்டில் பால்கூட வாங்காதீர்கள்.

வட்டி விழுந்துவிட்டால் வாய்மூடி இருக்க வேண்டாம். முதல் முறை என்றால் வங்கியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பலருக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ஆஃப்கா என்ற நிதிப் புகார் ஆணையத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கமாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450-இல் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்டேட்மெண்டையும், பணம் கட்டிய ரசீதையும், ரிஃபண்ட் வந்த தேதியையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.