லாட் கூடினால் குவெரியும் கூடுகிறதா? ஜாங்கோ டெஸ்டில் கண்டுபிடிக்கும் வழி

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்காக எழுதிய சின்ன ஜாங்கோ ஆப்தான் இங்கே உதாரணம். போடி, புத்தடி இரண்டு இ-ஏல மையங்களிலும் எடுத்த லாட்டுகளை, அதாவது ஏலத்தில் ஒன்றாக விற்கும் ஏலக்காய்த் தொகுதிகளை, தோட்டக்காரர் பெயரோடு ஒரே பக்கத்தில் காட்டும். லாட் குறைவாக இருக்கும்வரை பறக்கும். சீசன் சூடு பிடித்ததும் நொண்டும். காரணம்: டேட்டாபேஸுக்கு லாட் பட்டியலுக்காக ஒரு குவெரி, அப்புறம் ஒவ்வொரு லாட்டின் தோட்டக்காரருக்கும் தனியாக ஒன்று. போடிமெட்டிலிருந்து மூட்டைக்கு ஒரு தடவை ஜீப் இறங்குகிற மாதிரி.

மாடல், வியூ எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், டெஸ்ட்கேஸில் 2 லாட் உருவாக்குங்கள். இரண்டிலும் தோட்டக்காரரைக் கட்டாயம் நிரப்புங்கள். அந்த ஃபாரின் கீ காலியாக இருந்தால் குவெரியே போகாது, டெஸ்ட் சும்மா பாஸாகும். லாகினை ஃபோர்ஸ்_லாகின் வைத்து முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணுவது. பலரும் சிக்குவது இங்கேதான். கனெக்‌ஷன்.குவெரீஸ் பட்டியலை அளந்தால் 0 என்று வரும். செட்டிங்ஸில் டீபக் ட்ரூ என்று இருந்தாலும் டெஸ்ட் ரன்னர் அதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டுத்தான் ஓடுகிறது. டீபக் இல்லாதபோது ஜாங்கோ குவெரிகளைக் குறித்துவைப்பதில்லை. அதனால் ஜாங்கோ.டெஸ்ட்.யூட்டில்ஸில் உள்ள கேப்சர்குவெரீஸ்கான்டெக்ஸ்டை எடுங்கள். தன் வித் பிளாக்குக்குள் ஓடும் குவெரிகளை டீபக் இல்லாமலே அது குறித்துவைக்கும். வித் பிளாக்குக்குள் கிளையண்ட்.கெட் மட்டும் இருக்கட்டும். டேட்டா உருவாக்கும் வரி உள்ளே வந்தால் அந்த இன்சர்ட்டுகளும் கணக்கில் ஏறும். வியூவை விட்டுவிட்டு குவெரிசெட்டை நேராக அளப்பவர்கள் அதை லிஸ்டுக்குள் போடுங்கள். இல்லையென்றால் அது ஓடாது, மறுபடியும் 0 தான்.

இப்போது லாட்டை 20 ஆக்கி மறுபடி எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் சமமா என்று பாருங்கள். அசெர்ட்நம்குவெரீஸ் வைத்து "7 தான் வரவேண்டும்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. நியாயமான ஒரு குவெரி புதிதாகச் சேர்ந்தாலும் டெஸ்ட் உடையும். எரிச்சலில் யாராவது 7-ஐ 8 ஆக்கிவிட்டுப் போவார்கள், நாளைக்கு 27 ஆக்கவும் தயங்க மாட்டார்கள். செஷன், யூசர் குவெரிகள் இரண்டு தடவையும் ஒரே அளவில் வருவதால் ஒப்பிடுவதில் அந்தத் தொல்லையும் இல்லை. குவெரிகளைப் பக்கத்திலேயே காட்டும் டீபக் டூல்பார் பார்க்க அழகுதான், ஆனால் யாராவது திறந்து பார்த்தால்தானே!

டெஸ்ட் உடைந்ததா? தோட்டக்காரருக்கு செலக்ட்_ரிலேட்டட் (லாட்டோடு ஒரே குவெரியில் சேர்த்தெடுக்கும்), லாட்டுக்கு வந்த ஏலக் கேட்புகளுக்கு ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் (எல்லா லாட்டுக்கும் சேர்த்து இன்னொரு குவெரியில் எடுக்கும்). டெம்ப்ளேட் கூப்பிடும் மெத்தடில் கேட்புகள் மேல் ஃபில்டர் போட்டிருந்தால் ப்ரீஃபெட்ச் வீண். புதுக் குவெரி போகும். அந்த ஃபில்டரை மெத்தடிலிருந்து எடுத்து ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டில் கொடுங்கள்.

பின்சேர்க்கை: 20 லாட்டுக்கு 2 லாட்டைவிடக் குவெரி குறைவாக வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். கான்டென்ட்-டைப் (ஜாங்கோ வைத்திருக்கும் மாடல் பட்டியல்) போன்றவை முதல் தடவை டேட்டாபேஸிலிருந்து வந்து கேஷில் தங்கிவிடும். எண்ணத் தொடங்கும் முன் பக்கத்தை ஒருமுறை சும்மா கூப்பிட்டுவிடுங்கள். பைடெஸ்டில் இதை எப்படிச் செய்வது என்று பைடெஸ்ட்காரர்களும் கேட்டார்கள்: உங்களுக்கு ஜாங்கோ_அசெர்ட்_மேக்ஸ்_நம்_குவெரீஸ் இருக்கிறது, முதல் எண்ணிக்கையையே அதற்கு உச்சவரம்பாகக் கொடுக்கலாம்.