‘சத்தியமா சொல்றேன்’: ஸ்பானிஷில் வாக்குக் கொடுப்பது எப்படி?

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கும்போது வணக்கம், நன்றி, என்ன விலை என்பதையெல்லாம் சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். "கண்டிப்பா வர்றேன்" என்று நண்பரிடம் சொல்ல வேண்டிய இடத்தில் வாயடைத்து நிற்கிறோம். பழக்கம் நட்பாக மாறுவதே அந்த இடத்தில்தான். அதனால் இதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

படி 1: தெ லோ ப்ரொமேத்தோ

‘உனக்கு அதை வாக்குக் கொடுக்கிறேன்’ என்பது நேர்ப்பொருள். தெ என்றால் உனக்கு, லோ என்றால் அதை. ‘நான்’ என்ற சொல்லே வேண்டாம். நம் ‘-ஏன்’ விகுதி செய்யும் வேலையை அங்கே கடைசி ‘ஓ’ செய்துவிடுகிறது. ‘லோ’வை விட்டுவிடாதீர்கள். தமிழில் "சத்தியம் பண்றேன்" என்றாலே போதும். அவர்கள் காதுக்கு ‘தெ ப்ரொமேத்தோ’ பாதியில் நின்ற வாக்கியம். உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு: அங்கே வருவது ‘பத்து’வில் உள்ள அதே த்த. ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட்டோ’ என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 2: மரியாதை

பெரியவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ பேசினால் செ லோ ப்ரொமேத்தோ. அவ்வளவுதான்.

படி 3: எதைச் செய்வீர்கள் என்பதைச் சேர்ப்பது

தெ ப்ரொமேத்தோ கே தெ யாமோ மன்யானா: நாளைக்குக் கண்டிப்பா போன் பண்றேன். ‘கே’ வந்து விஷயத்தைச் சொல்லிவிடுவதால் ‘லோ’ போய்விட்டது. நாளைய வேலையை நம்மைப் போலவே நிகழ்காலத்தில் சொல்கிறார்கள் பாருங்கள்! சொன்னபடி செய்து முடிக்கும்போது, ‘லோ ப்ரொமெத்தீதோ எஸ் தெவ்தா’ என்பார்கள்: சொன்ன சொல் கடன்.

படி 4: தெ லோ ஹூரோ

இது சத்தியம். ‘ஹூ’ தொண்டையை உரசிக்கொண்டு வர வேண்டும். நடந்ததை நம்ப வைக்க நண்பர்களுக்குள் தாராளமாகப் புழங்குகிறது. ‘போர் மி மாத்ரே’ சேர்த்தால் ‘அம்மா மேல சத்தியம்’. அதைக் கனமான விஷயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி, அதை முத்தமிட்டுச் சத்தியம் செய்வார்கள். கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் சாயல் ‘ஹூரோ’வுக்கு இருப்பதால், ஸ்பெயினில் பதவியேற்பவர்கள் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2018-இல் பிரதமரான பெத்ரோ சாஞ்செஸ் பைபிளும் சிலுவையும் இல்லாமல் ‘ப்ரொமேத்தோ’ என்றார்.

படி 5: மனசார

நன்றி சொல்லும்போது ‘தெ கொரசோன்’ என்று சேர்த்தால் ‘மனசார’. ‘தெ பெர்தாத்’ என்றால் ‘நிஜமா’. கேள்விக்கும் அதுதான், பதிலுக்கும் அதுதான். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்:

"புத்தகத்த நாளைக்குத் தருவியா?"
"சீ, தெ லோ ப்ரொமேத்தோ."
"தெ பெர்தாத்?"
"தெ பெர்தாத்."