ஊரைப் பற்றி முன்னுரையில் எதைச் சொல்வது?

கலைக்களஞ்சியத்துக்கு ஒரு சின்ன நகரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முன்னுரையில் கை ஓடாது. ஓட ஆரம்பித்தால் நிற்காது. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் தம்பி கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியபோது இரண்டாவதுதான் நடந்தது. "இங்கு பள்ளிகள், கோயில்கள், பேருந்து நிலையம் உள்ளன" என்று ஒரு வரி. அது எந்த ஊரில்தான் இல்லை?

ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு ஓசூர் என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் முன்னுரையில் அதற்கு இடமில்லை. தங்கவயலை இப்படி வடிகட்டியதில் மிஞ்சியவை: கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன தங்கச் சுரங்கம், 1902இல் காவிரியின் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மின்சாரம், சுரங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்கள், 2001இல் சுரங்கம் மூடியது, இன்று விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரும் மக்கள். ஐந்தாறு வாக்கியம் போதும்.

மக்கள்தொகைக்கு ஒரே எண், கணக்கெடுப்பு ஆண்டோடு. வார்டு, அஞ்சல் குறியீடு எல்லாம் கீழே போகட்டும். அப்புறம், முன்னுரையில் சொல்வது எல்லாம் உள்ளே சான்றோடு விரிவாக இருக்க வேண்டும். அதனால் அதைக் கடைசியில் எழுதுவதே சுலபம்.

"எழில்மிகு நகரம்" என்பதை மட்டும் தம்பி விட மறுத்தான். சரி, அதற்குப் பதில், தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேடுகளைப் பற்றி எழுதச் சொன்னேன்.