ஹைட்ரோஸ்டேட்டிக் புல்வெட்டி வண்டியைக் கையால் தள்ளுவது எப்படி

நியூட்ரலில் இருந்தும் வண்டி அசையவில்லையா? பலம் காட்டாதீர்கள். ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில் எஞ்சினின் சக்தியை எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டிரான்ஸ்மிஷன். எஞ்சின் நின்றிருந்தாலும் அதற்குள் அடைபட்ட எண்ணெய் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணெய்க்கு மாற்றுவழி திறப்பதுதான் பைபாஸ் லீவர்.

சமதரையில் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பின்பக்கச் சட்டத்தில், பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு அருகில், ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்; அதுதான் பைபாஸ் லீவர். பல மாடல்களில் அதை வெளியே இழுத்துப் பள்ளத்தில் மாட்ட வேண்டும். சிலவற்றில் உள்ளே தள்ள வேண்டும். நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய ஜீரோ டர்ன் வண்டிகளில் பொதுவாக இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். ஒன்றை மட்டும் திறந்தால் வண்டி ஒரு பக்கமாகவே திரும்பும். பிறகு பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, நடக்கும் வேகத்தில் தள்ளுங்கள்.

சரிவில் இதைச் செய்யவே கூடாது. பைபாஸ் திறந்ததும் டிரான்ஸ்மிஷனின் பிடி போய்விடும், வண்டி தானாக உருளும். கயிறு கட்டி இன்னொரு வண்டியால் இழுப்பதும் தவறு: டிரான்ஸ்மிஷனுக்குள் வேகமாகச் சுழலும் மோட்டார் சூடேறிப் பழுதாகும்.

லீவர் இறுகியிருந்தால் பெரும்பாலும் துருதான். இணைப்புகளில் ஊடுருவும் எண்ணெய் தெளித்துச் சற்று நேரம் விடுங்கள்.

தள்ளி முடித்ததும் பிரேக்கைப் போட்டு, லீவரைப் பழைய இடத்துக்கு முழுதாகக் கொண்டுவாருங்கள். மறந்தால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது.