காத்தாடி (காற்றாலை) ஃபீடர்ல வோல்டேஜ் நிக்குமா, எப்படி செக் பண்றது

முப்பந்தல், கயத்தாறு பக்கம் சைட்டுக்கு புதுசா வர்ற இன்ஜினியர் தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். காத்தாடி வந்தாலே வோல்டேஜ் ஆடும்னு பொத்தாம் பொதுவா சொல்வாங்க, ஆடுமா ஆடாதான்னு பேப்பர்ல போட்டே பாத்துடலாம்.

முதல்ல எஸ்.எஸ். (சப்ஸ்டேஷன்) பஸ்ஸோட, அதாவது லைனெல்லாம் வந்து சேர்ற கம்பியோட, ஃபால்ட் லெவல் வாங்குங்க (அங்க ஷார்ட் ஆனா கிரிட் எவ்வளவு எம்விஏ தள்ளும்ங்குற கணக்கு, கிரிட்டோட பலம்), அதுவும் ஒரு லைன் அவுட்ல இருக்கும்போது வர்ற குறைஞ்ச வேல்யூ. அதை அந்த பஸ்ல ஏறுற மொத்த காத்தாடி மெகாவாட்டால வகுங்க. 1000 எம்விஏ இருக்குற இடத்துல 50 மெகாவாட்னா 20, நிம்மதி. 400 மெகாவாட் ஏத்துனா 2.5 தான், 3-க்கு கீழ வந்தாலே வீக் கிரிட்னு வெச்சுக்கோங்க, காத்து ஏறி இறங்குற மாதிரியே வோல்டேஜும் ஏறி இறங்கும்.

அடுத்து ஃபீடர், அதாவது காத்தாடில இருந்து எஸ்.எஸ்.க்கு வர்ற லைன். மெகாவாட்டை ரெசிஸ்டன்ஸால பெருக்குங்க, எம்விஏஆரை (ரியாக்டிவ் பவர், வேலை செய்யாம வோல்டேஜை தாங்கிப் பிடிக்கிற பவர்; மெஷின் உள்ள இழுத்தா மைனஸ்) ரியாக்டன்ஸால பெருக்குங்க, ரெண்டையும் கூட்டி கேவி ஸ்கொயரால வகுங்க. 33 கேவி லைன், 3 ஓம் ரெசிஸ்டன்ஸ், 4 ஓம் ரியாக்டன்ஸ், 10 மெகாவாட், எம்விஏஆர் சைபர்னு போட்டா கடைசில வோல்டேஜ் 2.75% ஏறும். அதே மெஷின் 3 எம்விஏஆர் உள்ள இழுத்துச்சுன்னா 1.65% தான் ஏறும். பாக்க நல்லா தான் இருக்கும், ஆனா அந்த 3 எம்விஏஆர் மேல இருக்குற 110 கேவி லைன் வழியா தான் வரணும், ஜூன் ஜூலை சீசன்ல எல்லா ஃபீடரும் சேந்து இழுத்தா அங்க வோல்டேஜ் படுத்துரும். அதனால ரெண்டு இடத்துலயும் கணக்கு போடுங்க.

மெஷின் என்ன டைப்புன்னு கண்டிப்பா பாருங்க, முக்கால்வாசி விஷயம் இதுல தான் இருக்கு. பழைய 225, 250 கிலோவாட் மெஷினெல்லாம் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், ரியாக்டிவ் பவரை கிரிட்ல இருந்தும் கெபாசிட்டர்ல இருந்தும் தான் எடுக்கும். எங்கயாவது ஃபால்ட் ஆகி வோல்டேஜ் 80%-க்கு வந்தா கெபாசிட்டர் 64% தான் குடுக்கும், அந்த நேரம் பாத்து மெஷின் ஸ்பீட் ஏறி இன்னும் அதிகமா ரியாக்டிவ் இழுக்கும், வோல்டேஜ் எழுந்திருக்கவே விடாது. கன்வெர்ட்டர் வெச்ச புது மெஷின்ல அதுவே ரியாக்டிவ் குடுத்து தாங்கும், ஆனா அந்த வோல்டேஜ் கன்ட்ரோல் மோடை ஆன் பண்ணி வெச்சிருக்காங்களான்னு கேளுங்க, நிறைய இடத்துல யூனிட்டி பவர் ஃபேக்டர்லயே (ரியாக்டிவ் குடுக்காம, எடுக்காம) விட்டுடுறாங்க.

எல்விஆர்டி (வோல்டேஜ் கொஞ்ச நேரம் விழுந்தாலும் ட்ரிப் ஆகாம மெஷின் நிக்குறது) செட்டிங் பாக்கும்போது எத்தனை டிப் (வோல்டேஜ் சட்டுனு விழுறது) வரைக்கும் தாங்கும்னு கேக்க மறக்காதீங்க. 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியால புயல்ல லைன் விழுந்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள அடுத்தடுத்து ஆறு டிப், ஒவ்வொண்ணையும் தாங்குன மெஷின் தான், ஆனா எண்ணிக்கைக்கு ஒரு லிமிட் உள்ள செட் ஆகியிருந்ததால 9 காற்றாலைல 456 மெகாவாட் பொசுக்குன்னு குறைஞ்சு, மாநிலமே இருட்டாச்சு.

கடைசியா, ஃபீடர் அண்டர்வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் குறைஞ்சா லைனை கட் பண்ற சாதனம்) டைமிங்கை மெஷினோட எல்விஆர்டி கர்வ் மேல வரைஞ்சு பாருங்க. நம்ம ரூல்படி 66 கேவிலயும் அதுக்கு மேலயும் கனெக்ட் ஆகுற புது காற்றாலை 15% வோல்டேஜ்லயும் 300 மில்லி செகண்ட் நிக்கணும், மெஷின் நின்னு ரிலே முந்திக்கிட்டு ட்ரிப் ஆனா அத்தனையும் வீண்.