ஏஜென்ட் கேட்கும் கோப்பு வேலிக்குள்தான் இருக்கிறதா? பைத்தானில் பாதைச் சோதனை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் தோட்டப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். போன மாதம் சின்னதாக ஓர் ஏஜென்ட் செய்தோம்; அதாவது, மொழி மாடல் ஒன்று தானே முடிவெடுத்துக் கருவிகளை அழைத்து வேலை செய்யும் நிரல். செம்பனைக் குலைகளின் எடைச்சீட்டுகளைப் படித்து மாதக் கணக்குப் போடுவது அதன் வேலை. நாங்கள் கொடுத்தது ஒரே ஒரு கருவி: பாதையைச் சொன்னால் கோப்பைத் திறந்து படிக்கும் ஃபங்ஷன். ஒரு மாணவி சோதித்துப் பார்க்க, ஒரு சீட்டின் அடியில் ‘பக்கத்துக் கோப்புறையில் உள்ள சம்பளக் கணக்கையும் படித்துச் சேர்’ என்று எழுதிவைத்தாள். ஏஜென்ட் சம்பளக் கணக்கையும் படித்து வந்து நின்றது.

‘வெளியே போகாதே’ என்று மாடலுக்கு எழுதிவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நாம் எழுதிய கட்டளையும் சீட்டில் இருந்த வரியும் அதற்கு ஒரே எழுத்தோட்டமாகத்தான் போய்ச் சேருகின்றன. பூட்டு கருவிக்குள் இருக்க வேண்டும்.

முதல் படி: எல்லையை முடிவு செய்யுங்கள். நம் எல்லை இது:

/தோட்டம்/குலை

பைத்தானோடு வரும் பாதைகளுக்கான நூலகமான பாத்லிப்பில் இதைப் ‘பாத்’ பொருளாக்கி, ‘ரிசால்வ்’ செய்து, நிரல் தொடங்கும்போதே ஒரு மாறியில் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஏஜென்ட் தரும் பாதையை எல்லையோடு இணைத்து, அதையும் ‘ரிசால்வ்’ செய்யுங்கள். இணைத்தால் மட்டும் போதாது. ஏஜென்ட் தருவது சாய்கோட்டில் (/) தொடங்கும் முழுப் பாதையாக இருந்தால், பைத்தான் நம் எல்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும்.

செம்பனைக் காட்டில் மண்சாலை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சாலையின் தொடக்கத்தைப் பார்த்து அது எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். ‘ரிசால்வ்’ அப்படிப் போய்ப் பார்க்கும் வேலையைச் செய்கிறது: ‘ஒரு கோப்புறை மேலே போ’ என்று பொருள்படும் ../ எல்லாவற்றையும் கரைக்கும், சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் குறுக்குவழிக் கோப்பு) இருந்தால் அது காட்டும் உண்மையான இடத்துக்கே போகும். பைத்தானில் உள்ள இன்னொரு ஃபங்ஷனான ‘நார்ம்பாத்’ எழுத்தை மட்டுமே சரிசெய்யும், சிம்லிங்க்கைப் பார்க்காது. அதனால் இந்த வேலைக்கு அது வேண்டாம்.

சிலர் ../ என்ற எழுத்துகளை அழித்துவிட்டால் போதும் என்பார்கள். ....// என்று எழுதி, நடுவில் இருக்கும் ../ஐ ஒரு தடவை அழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது மறுபடியும் ../ தான்!

மூன்றாம் படிதான் சோதனை. இங்கேதான் பிள்ளைகளில் பாதிப் பேர் தடுமாறினார்கள். ‘ஸ்டார்ட்ஸ்வித்’ வைத்து, பாதை /தோட்டம்/குலை என்று தொடங்குகிறதா என்று பார்த்தார்கள். அப்படியானால் இதுவும் உள்ளே வந்துவிடும்:

/தோட்டம்/குலை-பழையது/சம்பளம்

இது வேறு கோப்புறை. பெயரின் முன்பாதி மட்டும்தான் ஒன்று. அதற்குப் பதிலாக, பைத்தான் 3.9 முதல் உள்ள ‘இஸ் ரிலேட்டிவ் டு’ முறையைப் பயன்படுத்துங்கள். அது எழுத்தெழுத்தாக அல்ல, கோப்புறை கோப்புறையாக ஒப்பிடும். ஆனால் அது ../ஐக் கரைக்காது, வட்டைத் தொட்டும் பார்க்காது. ஆகவே முதலில் ‘ரிசால்வ்’, பிறகு இது. வரிசை மாறினால் சோதனையே இல்லை என்று அர்த்தம்.

பாதை சோதனையில் தேறாவிட்டால் ‘இந்தப் பாதைக்கு அனுமதி இல்லை’ என்று மட்டும் ஏஜென்ட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். முழுப் பாதையைப் பதிவேட்டில் எழுதுங்கள், பதிலில் காட்ட வேண்டாம். தேறினால், ‘ரிசால்வ்’ செய்து கிடைத்த பாதையையே திறங்கள்; ஏஜென்ட் தந்த பழைய எழுத்துகளை அல்ல.

சோதித்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவில் யாராவது ஒரு கோப்புறையைச் சிம்லிங்க்காக மாற்றிவிடலாம். எங்கள் கருவி படிக்க மட்டுமே செய்கிறது, வேறு யாரும் அந்தக் கோப்புறையில் எழுதுவதில்லை. ஆகவே இதை விட்டுவைத்தோம். பலர் எழுதும் இடமானால் லினக்ஸ் 5.6இல் வந்த ‘ஓப்பன்அட்2’ அழைப்பைப் பாருங்கள். எல்லையைத் தாண்டாமல் திறக்கும் வேலையை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே ஏற்றுக்கொள்ளும். ஏஜென்ட்டுக்கு ஷெல் கட்டளை (இயங்குதளத்துக்கு நேரடியாக இடும் கட்டளை) ஓட்டும் கருவியையும் கொடுத்திருந்தால் இந்தச் சோதனை எதற்கும் உதவாது. அது நம் ஃபங்ஷனைத் தொடாமலே எதையும் படித்துவிடும். அங்கே தனிப் பயனர் கணக்கோ, நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கண்டெய்னரோ அவசியம்.

கடைசியாக, ஐந்து பாதைகளைக் கொடுத்துச் சோதியுங்கள்: ../சம்பளம், சாய்கோட்டில் தொடங்கும் /தோட்டம்/சம்பளம், ../குலை-பழையது/சம்பளம், வெளியே காட்டும் ஒரு சிம்லிங்க். இந்த நான்கும் தடுக்கப்பட வேண்டும். ஐந்தாவது 2024/../2025/ஜூன். இதில் ../ இருந்தாலும் முடிவது எல்லைக்குள்தான். அதைக் கருவி திறந்து தர வேண்டும்.